பாலைவனத்தில் கைலி விரித்த கதை

1. மலிவான மாதம்

விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவு திறந்ததும் நான் ஓர் அடி பின்வாங்கினேன். ரங்கூனில் டீக்கடை வாசலில் ரொட்டி சுடும் மண் அடுப்பு இருக்குமே, அதற்குள் தலையை விட்டதுபோல் இருந்தது. பின்னால் வந்த ஆறு பேரும் வரிசையாக என் முதுகில் மோதினார்கள். டூர் லீடர் என்பவன் எப்போதும் முன்னால் போக வேண்டும் என்று புதுப் பையன்களுக்குப் பாடம் நடத்துகிறவன் நான். அன்று எல்லோருக்கும் கடைசியாக வெளியே வந்தேன்.

அமெரிக்காவின் தென்மேற்கு மூலையில், சுற்றிலும் பாலைவனம் சூழ்ந்த ஓர் ஊர் அது. நம் ஊர்க்காரர்கள் பலர் அங்கே குடியேறியிருக்கிறார்கள். பிள்ளைகளைப் பார்த்த மாதிரியும் ஆயிற்று, ஊரைச் சுற்றிய மாதிரியும் ஆயிற்று என்று ரங்கூன் கியாக்டடா பேட்டையில் இருக்கும் எங்கள் டிராவல்ஸ் முதலாளி நைனா காக்கா ஒரு பேக்கேஜ் போட்டார். மாதம் ஜூன்.

"ஜூன்ல டிக்கெட் சல்லிசா கெடைக்குது காசிம். ஏன் சல்லிசுன்னு ஆராயாத. அல்லாஹ் குடுக்குறான், வாங்கிக்க."

ஏன் சல்லிசு என்று அந்தக் கண்ணாடிக் கதவு சொல்லிவிட்டது. அல்லாஹ்வின் பேரில் பழியைப் போட்டதற்குக் காக்கா தனியாகப் பதில் சொல்லிக்கொள்ளட்டும்.

காக்காவின் இன்னொரு உத்தரவு, நான் கம்பெனிக் கைலியில்தான் போக வேண்டும் என்பது. பச்சைக் கட்டம், வெள்ளைச் சட்டை. கூட்டத்தில் ஆட்கள் என்னை அடையாளம் கண்டுகொள்வார்களாம். அந்த ஊரில் கைலி கட்டிய ஆண்பிள்ளை நான் ஒருவன்தான் என்பதால், என்னைத் தெரியாதவர்களும் அடையாளம் கண்டுகொண்டார்கள். விமானத்தில் குளிரும் என்று என் வீட்டம்மா உள்ளே அரைக்கால் டவுசர் போட வைத்திருந்தாள்; அங்கே போயும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. இந்த டவுசரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அது மானத்தைக் காப்பாற்றப் போகிறது.

என்னோடு வந்தவர்களில் துறைமுக ஆபீசில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆன செல்வராஜ் அண்ணனும் அவர் மனைவி மேரி அக்காவும் உண்டு. மிங்கலாடோன் சகோதரிகள் மூவர் வந்தார்கள். பயணம் முழுக்கப் போட்டோ எடுத்தார்கள், அதனால் இந்தக் கதையில் அவர்களுக்கு அதிக வேலை இல்லை. ஆறாவது ஆள் டோ மியா. ரங்கூனின் போட்டாதாங் பக்கம் மகளோடு மொஹிங்கா என்னும் மீன்குழம்பு நூடுல்ஸ் கடை நடத்தும் பர்மிய அம்மாள், வயது எழுபதுக்கு மேல். மகன் அந்தப் பாலைவன ஊரில் ஒரு ஓட்டலில் சமையல்காரர். வாரம் ஏழு நாளும் அவருக்கு வேலை இருந்ததால், பகலில் அம்மாவைச் சுற்றிக் காட்டுவது என் பொறுப்பு.

ரங்கூன் ஏர்போர்ட்டில் டோ மியாவின் மகள் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னாள். அவள் பேசியது பர்மியம், நான் தமிழில் எழுதுகிறேன். பெயருக்கு முன்னால் வரும் டோ, கோ இரண்டும் அம்மாள், அண்ணன் என்பதுபோல் மரியாதைச் சொற்கள்.

"அம்மாவுக்குச் சக்கரை, கோ காசிம். போன வருசம் ஒரு புண்ணு வந்து கால் வெரலே போயிருக்கும். அவங்கள கால் ரெண்டோட திருப்பிக் கொண்டாங்க."

அதிகம் நடக்கவிடக் கூடாது, அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டேன். போகும் இடமெல்லாம் சக்கர நாற்காலிக்குச் சொல்லி வைத்தேன். காலைப் பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

2. கை தூக்கி நிற்கும் கள்ளிகள்

இளையவர்கள் யாராவது அந்தப் பக்கம் ஆள் கூட்டிப் போனால் உதவும் என்று இதை எழுதுகிறேன். கோடையில் அந்த ஊரில் வெளிவேலை எல்லாம் விடியற்காலையில்தான். சூரியன் ஏறுமுன் கள்ளிப் பூங்காவுக்குப் போய்விட வேண்டும். இரண்டு மாடி உயரத்துக்குக் கள்ளிகள், ஒவ்வொன்றும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். "போலீஸ் புடிச்ச மாதிரில்ல நிக்குது எல்லாம்" என்றார் செல்வராஜ் அண்ணன். ஜூனில் அதன் உச்சியில் சிவப்புப் பழம் வெடித்திருக்கும். அந்த மண்ணின் பூர்வகுடிகள் நீளக் கொம்பால் தட்டி எடுத்துப் பாகு காய்ச்சுவார்கள். ஒரு கடையில் ருசி பார்த்தோம். நம் பனைவெல்லத்துக்குத் தூரத்துச் சொந்தம் என்று டோ மியா தீர்ப்புச் சொன்னார்.

அதே பூங்காவில் குட்டையாக ஒரு கள்ளி உண்டு. பக்கத்தில் போனாலே முள் உருண்டை தாவி வந்து ஒட்டிக்கொள்ளும். பிடுங்கக் கை வைத்தால் கையில் ஒட்டும். சீப்பைக் கொடுத்து நெம்பித் தள்ள வேண்டும் என்று பூங்காக் காவலர் காட்டித் தந்தார். ஆகவே பையில் ஒரு சீப்பு வேண்டும், தலையில் முடி இல்லாவிட்டாலும். எனக்கு இல்லை.

வேனில் ஏறும்போது பார்த்தால் டோ மியாவின் குதிகாலில் அப்படி ஓர் உருண்டை. எவ்வளவு தூரம் அதோடு நடந்து வந்தார் என்று தெரியாது. நான் பதறிச் சீப்பைத் தேடினேன். அவர் பாட்டுக்குச் சகோதரிகளின் போட்டோக்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். முள்ளை எடுத்தபோது முகம் மாறவே இல்லை. தியானம் செய்கிற ஆள், என்ன பொறுமை என்று எல்லோரிடமும் மெச்சிச் சொன்னேன். என் அறிவின் உயரம் அவ்வளவு.

மறுநாள் மலைக்குப் போனோம். அடிவாரத்தில் கள்ளி, உச்சியில் பைன் மரம். ஒரே மலைப்பாதையில் பர்மாவின் வறண்ட நாட்டையும் குளிர் மலையையும் பார்த்த மாதிரி. கீழே வியர்த்தவர்கள் மேலே ஸ்வெட்டர் கேட்டார்கள். கொண்டுபோகச் சொல்ல மறந்திருந்தேன். செல்வராஜ் அண்ணன் வேனின் தரை விரிப்பைப் போர்த்திக்கொண்டு, திரும்பி வரும் வரை என்னோடு பேசவில்லை.

3. வெள்ளைச் சர்ச்

ஞாயிற்றுக்கிழமை. ஊருக்கு வெளியே வெட்டவெளியில் ஒரு பழைய சர்ச் இருக்கிறது. சுண்ணாம்பு வெள்ளை, இரண்டு கோபுரம், ஒன்று அரைகுறையாக நிற்கும். காலை வெயிலில் தூரத்திலிருந்து பார்த்தபோது, "நம்ம புத்தர் பகோடா மாதிரியே மின்னுதே" என்று டோ மியா கைகூப்பினார்.

நம் ஆட்கள் வாசலில் என்ன செய்வார்கள்? பகோடாவுக்கு டோ மியாவும் சகோதரிகளும் செருப்பைக் கழற்றுவார்கள். ரங்கூன் தமிழ்ச் சர்ச்சில் செல்வராஜ் அண்ணன் கழற்றுவார். பள்ளிவாசலில் நான் கழற்றுவேன். மூன்று மதமும் ஒரு நொடிகூட யோசிக்காமல் ஒற்றுமையாகச் செருப்பைக் கழற்றி, முற்றத்தின் மறு ஓரத்தில் மதில் நிழலில் வரிசையாக வைத்தது. உள்ளே போன வெள்ளைக்காரர்கள் எல்லாம் பூட்ஸ் காலோடு போனார்கள். நாங்கள் அவர்களைக் கொஞ்சம் இளப்பமாகவே பார்த்தோம்.

உள்ளே பூசை ஆரம்பித்தது. செல்வராஜ் அண்ணன் முழுப் பூசையும் காண வேண்டும் என்றார். முடிந்ததும் அடுத்த பூசையிலும் பாதி வேண்டும் என்றார். டோ மியா கடைசி பெஞ்சில் தன் பௌத்த மணிமாலையை உருட்டிக்கொண்டு அமைதியாக இருந்தார். வெளியே வந்தபோது சூரியன் உச்சந்தலைக்கு நேராக நின்றது. மதில் நிழல் காணாமல் போயிருந்தது. எங்கள் செருப்புகள் முற்றத்தின் அந்தப் பக்கம் நட்ட நடு வெயிலில் வெந்துகொண்டிருந்தன. நடுவில் இருந்ததெல்லாம் செங்கல் தளம்.

முதல் அடி வைத்தவன் நான். லீடர் அல்லவா. கால் பட்டதும் என் வாயிலிருந்து வந்த சத்தத்தை எந்த மொழியிலும் எழுத முடியாது. நொண்டி ஆடி, குதித்து, ஓரத்தில் மண் தெரிந்த பாத்திக்குள் பாய்ந்தேன். அது கள்ளிப் பாத்தி. அங்கிருந்து திரும்பவும் செங்கலுக்குப் பாய்ந்தேன். மேரி அக்காவும் சகோதரிகளும் வாசல் நிழலுக்கே திரும்பி ஓடினார்கள். செல்வராஜ் அண்ணன் பாதி வழியில் ஒரு மரப் பெஞ்சில் ஏறி நின்றுகொண்டார்.

"காசிம் தம்பி, ஒனக்கு இந்த வயசுல டான்ஸ் வருமின்னு காக்காவுக்குத் தெரியுமா?"

அந்தக் கூச்சலுக்கு நடுவே டோ மியா மட்டும் முற்றத்தின் மையத்தில் நின்றார். செருப்பை நோக்கி நிதானமாக நடந்தவர், பாதியில் திரும்பி, சர்ச்சைப் பார்த்து விடைபெறக் கைகூப்பிக் கண்ணை மூடியிருந்தார். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. மூத்த சகோதரி போனை எடுத்து, பாருங்கள், உண்மையான யோகி என்று படம்பிடித்தாள்.

அப்போதுதான் எனக்குக் குதிகால் முள் நினைவு வந்தது. முள் ஏறியும் மாறாத முகம். ஏர்போர்ட்டில் மகள் சொன்னது. அது பொறுமை இல்லை. சக்கரையில் மரத்துப்போன அந்தக் கால்களுக்குச் சூடு தெரியவில்லை. நாங்கள் கத்திக்கொண்டிருந்தோம், வெந்துகொண்டிருந்தது அவர்.

தூக்கிவிடலாம் என்றால் வயதான பர்மிய அம்மாளை அப்படித் தொட்டுவிட முடியாது. நாற்காலி வேனில் இருந்தது. நம் பகோடாவில் உச்சிவெயிலுக்குத் தளத்தில் பாய் விரித்திருப்பார்களே என்று நினைத்ததும் என் கை தானாகக் கைலி முடிச்சுக்குப் போனது. அவிழ்த்து உதறி அவர் காலடியில் விரித்தேன். பூசைக்கு வந்திருந்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் டவுசரோடு நின்ற என்னைப் பார்த்துப் பிள்ளைகளின் கண்ணை மூடின.

"அம்மே, இதுமேல ஏறுங்க. கால் வேகுது."

அவர் கண் திறந்து கைலியைப் பார்த்தார். ஓர் அடி பின்னால் போனார், இன்னும் சூடான இடத்துக்கு.

"ஆம்பளை கைலிய நான் மிதிக்கவா? ஒன்னோட போங் கொறஞ்சு போயிரும், கோ காசிம்."

போங் என்றால் ஆணுக்குள்ளே இருக்கும் மகிமை. பெண் மிதித்தால் அது கெடும் என்பது பர்மியர் நம்பிக்கை. துணி உலர்த்தும் கொடியில்கூட ஆண் உடுப்புக்கு மேலே பெண் உடுப்பு தொங்கக் கூடாது. எனக்கு அப்படி எதுவும் கிடையாது, நான் முஸ்லிம் என்றேன். எல்லா ஆம்பளைக்கும் உண்டு என்றார். என்னிடம் இருந்ததும் சற்றுமுன் கள்ளிப் பாத்தியில் போய்விட்டது என்றேன். அவர் சிரித்தார், ஏறவில்லை. பெஞ்சின் மேலிருந்து செல்வராஜ் அண்ணன், "இது வேலைக்காகாது தம்பி, மன்னிச்சிரும்மான்னுட்டுத் தூக்கிரு" என்றார். எதை அவிழ்ப்பது, யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. கடைசியில் யோசிக்காமல் ஒன்றைச் சொன்னேன்.

"அம்மா மிதிச்சா மகனுக்கு எங்கயாவது கொறையுமா?"

டோ மியா என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு பாவாடையைச் சற்றே தூக்கிப் பிடித்து, பகோடாப் படி ஏறுவதுபோல் பச்சைக் கட்டத்தின் மேல் ஏறினார். கைலியை மடித்து மடித்து முன்னால் விரித்து வாசல் நிழல்வரை கூட்டி வந்தேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்த சர்ச் அம்மாள் ஒருத்தி வாளியில் தண்ணீரோடு ஓடி வந்தாள். பாதம் இரண்டும் சிவந்திருந்தன. இடது பெருவிரலடியில் ஒரு கொப்புளம் கிளம்பியிருந்தது. பக்கத்து கிளினிக்கில் டாக்டர் பார்த்துக் கட்டுப் போட்டார், சீக்கிரமே கூட்டி வந்துவிட்டீர்கள் என்றார்.

இரவு டோ மியாவின் மகனிடம் நடந்ததை நானே சொன்னேன். அவர் அம்மாவின் காலை மடியில் எடுத்து வைத்துப் பார்த்தார். காலையில் பார்ப்பது என் முறை, இரவில் அவர் முறை என்று வைத்துக்கொண்டோம். அன்றிலிருந்து டோ மியா என்னைக் கோ காசிம் என்று அழைக்கவில்லை. 'தா' என்றார். பர்மியத்தில் மகன் என்று அர்த்தம்.

4. திரும்பி வந்தது

ரங்கூனில் மிங்கலாடோன் ஏர்போர்ட்டில் இறங்கியதும் டோ மியாவின் மகள் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து காலைப் பார்த்தாள். கொப்புளம் இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல். விரல் பத்தும் அதனதன் இடத்தில். நிமிர்ந்தவள் என்னைப் பார்த்துக் கைகூப்பினாள், நான் கூச்சத்தில் பெட்டிகளை எண்ண ஆரம்பித்தேன். செல்வராஜ் அண்ணன்தான், "கைலிய அவுத்துப் போட்டுக் கொண்டாந்து சேத்துட்டான்" என்று நிலைமையைக் காப்பாற்றினார்.

இளையவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. கத்துகிற கெஸ்ட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அவரே தன்னைக் காப்பாற்றிக்கொள்வார். பெஞ்சில் ஏறிக்கொள்வார். கத்தாமல் நிற்பவரிடம் முதலில் ஓடுங்கள்.

ஒரு வாரம் கழித்து டோ மியா ஆபீசுக்கே வந்து ஒரு புதுக் கைலியைக் கொடுத்தார். மாண்டலே பட்டு, நான் என் கல்யாணத்துக்குக்கூடக் கட்டாத ரகம். என் போங்கைத் திருப்பித் தருகிறாராம். காக்கா தொட்டுப் பார்த்து, "பெருநாளைக்குக் கட்டு காசிம்" என்றார். இரண்டு பெருநாள் போய்விட்டது, இன்னும் கட்டவில்லை. கட்டாத கைலியில் யாருடைய போங்கும் இருக்காது, யார் வேண்டுமானாலும் மிதிக்கலாம். டூர் பையில், சீப்புக்குப் பக்கத்தில், மடித்து வைத்திருக்கிறேன்.