கேக்குதாக்கா

எங்கள் சைட்டில் அவளுக்கு அந்தப் பெயர் வந்ததற்கு அவள் வாயைத் தவிர வேறு எதையும் குறை சொல்ல முடியாது. காலையில் ஸ்டோர் ஜன்னலில் கை நீட்டி வாக்கிடாக்கியை வாங்கினதும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "கேக்குதா? கேக்குதா?" என்பாள். கேட்கிறது என்று பதில் வந்தால் விட்டுவிட வேண்டியதுதானே. மாட்டாள். தெளிவாகக் கேட்கிறதா, கரகரவென்று இருக்கிறதா, நான் சொன்னதைத் திருப்பிச் சொல் என்று பிடுங்கி எடுப்பாள். யாரோ ஒரு வாலு கேக்குதாக்கா என்று ஆரம்பித்துவைக்க, இஞ்சினியர் வரைக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால் அவள் மகள்கூட, "கேக்குதும்மா, ஓவர்" என்றுதான் பதில் கொடுக்கிறாளாம்.

நான் அங்கே ஸ்டோர் கீப்பர். தகரக் கொட்டகை, ஒரு மேசை, காற்றைவிடச் சத்தம் அதிகம் தரும் ஒரு ஃபேன், சுவரோரம் சார்ஜர்கள். வாக்கிடாக்கியை நாங்கள் செட்டு என்போம். செட்டுகளைக் காலையில் கொடுப்பதும் சாயங்காலம் திரும்ப வாங்கிச் சார்ஜில் போடுவதும் என் பொறுப்பு. அவள் வரும்வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பச்சை விளக்கு எரிந்த பிறகும் பேட்டரியை ஏன் சார்ஜரிலேயே விட்டுவைத்திருக்கிறீர்கள், தொட்டால் சுடுகிறதே என்பாள். செட்டை அணைத்துவிட்டுத்தானே பேட்டரியைக் கழற்றினீர்கள் என்பாள். பேட்டரியின் பித்தளைப் புள்ளிகளை உலர்ந்த துணியால் துடைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். ஆண்டெனாவைப் பிடித்துச் செட்டைத் தொங்கவிட்டபடி வந்த ஒருவனிடம், "உன் பிள்ளையைக் காதைப் பிடிச்சுத்தான் தூக்குவியா?" என்று கேட்டுவிட்டாள். எனக்கு எரிச்சலாக வரும். அவள் சொல்வதில் ஒன்றுகூடத் தப்பாக இருக்காது என்பது அதைவிட எரிச்சல்.

முதலில் அவள் செங்கல் சுமக்கத்தான் வந்தாள். அவள் கணவன் அதே சைட்டில் கம்பி மேஸ்திரி. அஸ்திவாரக் குழிக்குள் கம்பி கட்டும் ஆட்களுக்கு அவன்தான் தலைவன். மதியம் அவனைச் சாப்பிடக் கூப்பிட இவள் இந்த மூலையிலிருந்து ஒரு குரல் கொடுத்தால், கலவை மிஷின் சத்தத்தையும் தாண்டி அந்த மூலையில் கேட்கும். அந்தக் குரலைக் கேட்டுத்தான் அவளைக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்து, கிரேனுக்குச் சிக்னல் சொல்லும் வேலையில் நிறுத்தினார்கள்.

அது என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். கிரேன் உச்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவரை நாங்கள் மாடிக்காரர் என்போம். குழியின் அடி அவருக்குத் தெரியாது. குழி விளிம்பில் நிற்கும் இவள்தான் அவருக்குக் கண். லோடு விளிம்பை நெருங்கும்போது இவள் செட்டில், "ஓரம் போங்க" என்பாள். குழிக்குள் மேஸ்திரியின் தோளில் இருக்கும் செட்டில் அது கேட்டதும் ஆட்கள் சுவரோரம் ஒதுங்கிவிடுவார்கள். அப்புறம் இவள், "இறக்கு, இறக்கு, இறக்கு" என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருக்க, அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு லோடு இறங்கும். குரல் நின்றால் லோடு நின்றுவிட வேண்டும். இவளுக்கு இருமல் வந்து நிறுத்தினால்கூட மாடிக்காரரும் நிறுத்திவிடுவார்.

சரி, நல்ல முறைதானே, இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். அவளுக்கு எல்லாவற்றிலும் பயம் இருந்தது. அவர்கள் குடியிருந்தது ஒரு அச்சகத்துக்குப் பின்னால் ஒற்றை அறை. பூட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, படியிறங்கி, மறுபடி ஏறிப்போய் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்கு வருவாள் என்று மேஸ்திரியே கேலி செய்வான். செட்டிலும் அதே கதைதான். பட்டனை அழுத்தினதும் பேசாதீர்கள், ஒரு மூச்சு பொறுங்கள், இல்லையென்றால் முதல் வார்த்தை போய்ச் சேராது என்று எல்லோருக்கும் பாடம் எடுப்பாள். அந்த முதல் வார்த்தை 'நிறுத்து' என்று இருந்து, அது மட்டும் போகாமல் போனால் என்ன கதி என்பாள்.

ஒருநாள் பேட்டரி மாற்ற வந்தவளின் உள்ளங்கை ஈரமாக இருந்ததைப் பார்த்து, இவ்வளவு நாளாகியும் பயம் தெளியவில்லையா என்று கேட்டேன். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "கீழ வேற யாராவது நின்னா இவ்வளவு பயம் வராதுன்னு சொன்னா பாவம் அண்ணே. ஆனா நெசம் அதுதான்."

கணவனை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லி இஞ்சினியரிடம் கேட்டும் பார்த்திருக்கிறாள். குழி வேலை முடியட்டும், பார்க்கலாம் என்று அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டாராம். மேஸ்திரிக்கு விஷயம் தெரிந்ததும் அவனும் சிரித்திருக்கிறான். சிரிப்பதற்கு என்ன, இரண்டு பேருக்கும் சேர்த்து இவள் ஒருத்தி பயந்துகொண்டிருந்தாளே.

அப்படியொரு நாள், முந்தின நாள் மழையால் குழிக்குள் தண்ணீர் கட்டியிருந்தது. பம்பு போட்டு இறைத்துக்கொண்டிருந்தார்கள். அதன் குழாய் ஒரு இடத்தில் கிழிந்து நாலாபக்கமும் பீய்ச்சி அடித்தது. செட்டில் தண்ணீர் பட்டால் தொலைத்துவிடுவேன் என்று காலையிலேயே என் ஜன்னலருகில் வைத்து அவள் கணவனிடம் சொல்லியிருந்தாள். பெண்டாட்டி பேச்சைத் தட்டாத பிள்ளை அவன். தோளில் இருந்த செட்டைக் கழற்றி, ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, முறுக்கிச் சுருட்டி, மேலே இரண்டு ரப்பர் பேண்டை இறுக்கி, சட்டைப் பையில் வைத்துப் பித்தானையும் மாட்டிவிட்டான். அதில் ஒரு ரப்பர் பேண்டு பேசும் பட்டன் மேலேயே உட்கார்ந்துவிட்டது. பேசும்போது எரியும் சிவப்பு விளக்கு பைக்குள் யாருக்கும் தெரியாமல் எரிந்துகொண்டிருந்தது.

எங்கள் செட்டுகளில் ஒருவர் பட்டனை அழுத்தியிருந்தால் மற்றவர் பேச முடியாது. அழுத்தினால் பீப் என்று ஒரு சத்தம் போட்டு மறுத்துவிடும். ஒருவர் பேச்சில் இன்னொருவர் பேச்சு கலந்து குழம்பக்கூடாது என்று அப்படி வைத்திருந்தார்கள். ஆக மேஸ்திரியின் சட்டைப் பை பேசிக்கொண்டிருக்கும்வரை சைட் முழுக்க ஊமை.

என் மேசை மேல் இருந்த செட்டில் முதலில் துணி உரசும் சத்தமும் பம்பின் இரைச்சலும் வந்தன. எவனோ பட்டன் மேல் உட்கார்ந்திருக்கிறான் என்று திட்டிக்கொண்டே ஆணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் மேஸ்திரியின் குரல் வந்தது. தண்ணீர் வடியும்வரை குழிக்குள் அவனும் ஒரு கூட்டாளியும் மட்டும்தான் இருந்தார்கள்; அந்தக் கூட்டாளி ஏதோ கேட்டிருக்க வேண்டும். லோடு வருகிற நேரமாயிற்றே, ஒதுங்கலாமா என்று கேட்டிருப்பான் போல. மேஸ்திரி சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"அவ குரல் இன்னும் வரலையேப்பா. லோடு வந்தா அவ சும்மா இருப்பாளா? அவ சத்தம் வர்ற வரைக்கும் நான் மேல பாக்கக்கூட மாட்டேன்."

ஆணிகளை அப்படியே போட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கிரேனின் நீண்ட கை குழிக்கு நேர் மேலே வந்து நின்றிருந்தது. கொக்கியில் ஒரு கட்டுக் கம்பி.

நடந்ததை அப்புறம்தான் கோத்துப் பார்த்தோம். மாடிக்காரர் வழக்கம்போல லோடை வழக்கமான இடம் வரை கொண்டுவந்து, அவள் குரலுக்காக நிறுத்தி வைத்திருந்தார். குரல் இல்லையென்றால் அசையக்கூடாது என்பது அவர் கணக்கு. குரல் இல்லையென்றால் லோடே இல்லை என்பது கீழே மேஸ்திரியின் கணக்கு. இருவரும் ஒருத்தியின் குரலுக்காகக் காத்திருந்தார்கள். மேஸ்திரி சொன்னது கூண்டுக்குள்ளும் கேட்டதும் மாடிக்காரருக்கு வியர்த்துவிட்டது. ஹாரனை விடாமல் அடித்தார். பம்பு சத்தத்தில் குழிக்குள் எடுபடவில்லை. "கை லீவர்லதான் இருந்துச்சு. இழுக்கவும் பயம், விடவும் பயம்" என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

கேக்குதாக்கா விளிம்பில் நின்று பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் பீப். அடுத்த சேனலுக்கு மாற்றிக் கூப்பிட்டாள். லோடு தொங்கும்போது யாரும் சேனலை மாற்றக்கூடாது என்று மாடிக்காரருக்கு அவளே கற்றுக்கொடுத்திருந்தாள், அங்கே யார் கேட்பது. தொண்டை கிழியக் கத்தினாள். அவள் குரலுக்கே பெயர்போன சைட்டில் அந்தக் குரல் அவள் கணவன் வரை போகவில்லை. பழைய சேனலுக்குத் திரும்பினால், நான் மேலே பார்க்கக்கூட மாட்டேன் என்று அவன் பெருமையாகச் சொல்வது அவள் காதுக்குள்ளேயே விழுகிறது. அந்த நேரத்தில்தான் காற்று ஒரு தள்ளு தள்ளியது. கம்பிக்கட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கட்டியிருந்த பெல்ட் ஒன்று நழுவிக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள்.

கையில் இருந்ததை எறிந்தாள். செட்டைத்தான். மேலிருந்து குழிக்குள் ஒரு குண்டூசியைப் போட்டாலும் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள், அப்படியொரு குற்றம் அது. அது மேஸ்திரியின் காலடிச் சேற்றில் போய் விழுந்து அணைந்துவிட்டது. அவன் குனிந்து பார்த்திருக்கிறான். அவள் செட்டு. அதை அவள் கீழே போடுகிறவள் இல்லை என்று அவனுக்குத் தெரியும். அண்ணாந்து பார்த்தான். கூட்டாளியின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் பாய்ந்தான். நாலைந்து கம்பிகள் கட்டிலிருந்து உருவிக்கொண்டு வந்து, அவர்கள் நின்றிருந்த இடத்தில் குத்தி நின்றன.

அவன் பாய்ந்ததை அவள் பார்த்தாள். தப்பினானா என்று பார்க்க நேரமில்லை. மிச்சக் கட்டு இன்னும் மேலே ஆடிக்கொண்டிருந்தது. அவள் நின்ற விளிம்பு கூண்டிலிருந்து தெரியாது; மாடிக்காரர் கண்ணில் படவேண்டும் என்றால் கலவை மிஷினுக்கு அந்தப் பக்கம் ஓட வேண்டும். அங்கே போனால் குழி தெரியாது. அவள் குழிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடினாள்.

எனக்கு முழங்கால் சரியில்லாத உடம்பு. அன்று ஓடினேன். என் கையில் இருந்த செட்டில் மேஸ்திரி மூச்சு வாங்குவது கேட்டது. இருமினான், கூட்டாளியைப் பெயர் சொல்லாமல் ஒரு வசவால் கூப்பிட்டான், அவனும் பதிலுக்குத் திட்டினான். இரண்டு பேரும் உயிரோடு இருப்பது எனக்குத் தெரியும், கூண்டில் மாடிக்காரருக்குத் தெரியும், செட்டு வைத்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது. அவள் செட்டு குழிக்குள் கிடந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் இரண்டு கைகளையும் விரித்துச் சிக்னல் காட்டிக்கொண்டிருந்தாள். இடப்பக்கம் திருப்பு. மெதுவாக. இறக்கு. ஒவ்வொரு சிக்னலும் பயிற்சியில் காட்டியதுபோல் சுத்தமாக இருந்தது. முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை, கண்ணீர் தாரை தாரையாக வழிந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறக்கப் போனேன். பேசாதே என்பதுபோல் தலையை ஆட்டினாள். நான் சொல்லப்போவது கெட்ட சேதியாக இருந்தால் கை தடுமாறிவிடும் என்று நினைத்தாள் போல. மிச்சக் கட்டு காலி மனையில் தரையைத் தொட்டு, கொக்கி கழன்று மேலே போன பிறகுதான் கைகளைக் கீழே போட்டாள். அப்போதும் என்னைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. கேட்கப் பயந்தாள்.

அப்போது என் கையில் இருந்த செட்டு காது கிழிய ஊளையிட்டது. இரண்டு செட்டு பக்கத்தில் பக்கத்தில் வந்து, ஒன்றில் பட்டன் அழுந்தியிருந்தால் அப்படித்தான் கத்தும். அது என்ன சத்தம் என்று எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்தது. சட்டென்று திரும்பினாள். சேறும் தண்ணீருமாக மேஸ்திரி நின்றுகொண்டிருந்தான்.

ஊளை தாங்காமல் என் செட்டை அணைத்தேன். அவன் சட்டைப் பை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது என்பது மூன்று பேருக்குமே தோன்றவில்லை. அவள் அவன் சட்டையை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

"என் குரலை நம்பாதீங்க. வந்தாலும் நம்பாதீங்க, வராட்டியும் நம்பாதீங்க. நான் இருக்கேன்னு நிக்காதீங்க. மேல பாருங்க. எப்பவும் மேல பாருங்க."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது. இருந்தாலும் அவள் வாய்க்கு நேரே அந்தச் சட்டைப் பை இருந்ததால் எல்லாச் செட்டிலும் அது போய்ச் சேர்ந்துவிட்டது. நான் தற்செயலாகச் சுற்றிலும் பார்த்தேன். தூணடியில் ஒருவன், மணல் குவியலருகே ஒருவன், பாதி கட்டின படியில் ஒருவன் என்று செட்டு வைத்திருந்த ஒவ்வொருவனும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். கொக்கியில் அப்போது ஒன்றுமே இல்லை.