லிஃப்ட் அத்தானும் நாலு சீட்டு ஆட்டமும்

என் அக்காவின் கணவரை எங்கள் வீட்டில் லிஃப்ட் அத்தான் என்றுதான் சொல்வோம். லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பது அவர் தொழில். அவர் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் ஒரு லிஃப்ட் வழியாகத்தான். அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கும் கட்டடத்தில் ஒரு நாள் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே அப்பா, தனியாக. வெளியே இருந்து இவர், "பயப்படாதீங்க சார், நான் இங்கேதான் இருக்கேன்" என்று ஆரம்பித்து, வேலை முடியும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். பேச்சு எப்படியோ சீட்டாட்டத்துக்குப் போய், இருவருக்குமே போக்கர் பைத்தியம் என்று தெரிந்துவிட்டது. கதவு திறந்தபோது அப்பா மனதுக்குள் மாப்பிள்ளையை முடிவு செய்திருந்தார். அக்காவைக் கேட்டது அதற்கு அப்புறம்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் மேசையைத் துடைத்துவிட்டு ஆட்டம் தொடங்கும். காசு கிடையாது, அம்மாவின் தையல் டப்பாவில் கிடக்கும் பட்டன்கள்தான் பந்தயம். அதற்கே அம்மா சூதாட்டம் என்று முணுமுணுப்பாள். ஆளுக்கு இரண்டு சீட்டு, மேசை நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து. இந்த ஏழில் எந்த ஐந்தையாவது சேர்த்து யார் பெரிய கை காட்டுகிறாரோ அவருக்கு வெற்றி.

அத்தான் ஆடுவதைப் பார்த்தால் கொட்டாவி வரும். பத்து முறை சீட்டு வந்தால் எட்டு முறை கீழே வைத்துவிடுவார். கயிறும் கம்பியுமாகத் தொங்கும் இருட்டுக் குழியில் உட்கார்ந்து, எங்கே சத்தம் வருகிறது என்று காது கொடுத்தே பழகிய மனிதர், அவசரமே படமாட்டார். நல்ல சீட்டு வந்துவிட்டாலோ ஆளை விடமாட்டார். அப்பா தோற்கத் தோற்கச் சிரிப்பார்.

"இப்படியே போனா நான் பட்டன் இல்லாத சட்டையோடதான் கடைக்குப் போகணும் மாப்பிள்ளை."

அந்தச் சிரிப்புக்காகவே அத்தான் வாரம் முழுக்கக் காத்திருந்தார். அவருடைய அப்பா லாரி ஓட்டியவர். வீட்டில் இருந்த நாட்களில் தூங்கினார், தூங்காத நாட்களில் வீட்டில் இல்லை. பெரியவர் ஒருவர் தன்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுவது அத்தானுக்குக் கல்யாணத்துக்கு அப்புறம்தான் கிடைத்தது. நானும் அதே மேசையில்தான் இருப்பேன். என் பட்டன்கள்தான் முதலில் காலியாகும். அதைப் பார்த்து அப்பா ஒரு நாளும் சிரித்ததில்லை. பெற்ற மகன் தோற்பதில் அவருக்கு என்ன சுவாரசியம்.

பிறகு தங்கைக்குக் கல்யாணமாகி லேப் மாப்பிள்ளை வந்தார். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மெல்லிய விரல், மெல்லிய பேச்சு, சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையே, "மாமா, நாலு சீட்டு ஆட்டம் ஆடியிருக்கீங்களா?" என்று கேட்டார். ஹாஸ்டலில் கற்றுக்கொண்டாராம். அப்பாவின் முகத்தில் விளக்குப் போட்டதுபோல் ஆகிவிட்டது. அன்றிலிருந்து இரண்டு சீட்டு ஆட்டம் எங்கள் வீட்டில் செத்தது.

அத்தானின் நிம்மதியும் அன்றே போயிற்று. அதுவரை அவர் வெறும் மாப்பிள்ளை. இப்போது பெரிய மாப்பிள்ளை. அவர் உட்காரும் கை வைத்த நாற்காலி சின்னவருக்குப் போனது, அவருக்கு ஏதோ முதுகுவலி என்று. "ரத்தம் எடுக்கிறவனுக்கு எதுக்கு மச்சான் முதுகு வலிக்குது? மோட்டாரைத் தூக்குறவன் நானு" என்று அத்தான் மாடிப்படியில் நின்று என்னிடம் பொரிந்து தள்ளினார். சகலையை அவர் தம்பி என்று கூப்பிடுவதை நிறுத்தியதும் அந்த வாரம்தான். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது. இத்தனை வருஷம் நான் தின்ற நெருப்பை அவரும் கொஞ்சம் தின்னட்டுமே.

ஆட்டத்திலும் அத்தானுக்கு உதை. கையில் இரண்டு ஆஸ் வந்தால் பழையபடி பட்டனை அள்ளிக் கொட்டுவார், தோற்பார். ஆளுக்கு நாலு சீட்டு என்றால் எல்லார் கையும் பெரிய கைதான். முன்பு ராஜா மாதிரி இருந்த இரட்டை ஜோடியால் இப்போது வாசலில்கூட நிற்க முடியாது. லேப் மாப்பிள்ளை பணிவாகச் சொல்லிக் கொடுக்க வருவார். "அண்ணா, நாலு சீட்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகணும். ஒரு சீட்டு தனியா நின்னாலும் அந்தக் கையை விட்டுடுங்க." அந்தப் பணிவுதான் அத்தானுக்கு அதிகம் எரிந்தது.

ஆனால் மனிதர் விடவில்லை. அப்பாவின் கடைக் கட்டடத்து மொட்டை மாடியில் லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறையில், டூல் பெட்டியின் மூடிமேல் சீட்டைப் பரப்பித் தனியாகப் பழகினார். ஒரு நாள் சாப்பாடு கொடுக்கப் போனபோது பார்த்தேன். நாலு நாலாகப் போட்டு, எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று மட்டும் பிரித்துக்கொண்டிருந்தார். அடுத்தடுத்த எண்கள், இரண்டிரண்டாக ஒரே சின்னம் என்றால் வலது பக்கம். ஒரே எண்ணில் மூன்று வந்தால், "ஆசை காட்டும், உதவாது" என்று இடது பக்கம். கடைசிவரை ஆடிப் பார்க்க அவருக்கு எதிரே ஆள் இல்லை. ஐந்து சீட்டைச் சேர்த்துக் கை காட்டும் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் தப்பு தங்கியது.

இதற்குள் அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது. ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டவர் சீட்டை மூக்கில் ஒட்டிவைத்துப் பார்த்தார். ஆபரேஷனுக்கு நாள் குறித்த வாரம், சீட்டைக் கலைத்துக்கொண்டே சொன்னார்: "இன்னைக்கு யாரு ஜெயிக்கிறாரோ அவர்தான் என்கூட ஆஸ்பத்திரிக்கு வரணும். நான் தியேட்டரை விட்டு வெளிய வரும்போது பக்கத்துல நிக்கணும்."

"அப்போ நான்?" என்று கேட்டேன்.

"நீ எப்படியும் வருவடா. செருப்பை யாரு பிடிச்சுக்கறது?"

எல்லாரும் சிரித்தார்கள், அத்தானைத் தவிர. அவர் ஏற்கெனவே சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பயம் வந்துவிட்டால் அவருக்குக் காது மடல் சிவக்கும், அன்று சிவந்திருந்தது.

வழக்கம்போல் நான் முதலில் காலி. அடுத்து அப்பா. கடைசிச் சுற்றில் சகலைகள் இருவர் மட்டும். நடுவில் ஐந்து சீட்டும் திறந்தாயிற்று. அதில் நாலு ஆர்ட்டின், சிவப்பு இதயச் சின்னம். அத்தான் கையில் ஆர்ட்டின் ஆஸ் இருந்தது. மிச்சம் இருந்த பட்டன் அத்தனையையும் இரண்டு கையாலும் தள்ளினார். லேப் மாப்பிள்ளையும் தள்ளினார். அத்தான் நாலு சீட்டையும் மேசையில் விரித்தார்.

"ஆர்ட்டின் ஃப்ளஷ், மாமா. அஞ்சும் ஒரே சின்னம். ஆஸ் என்கிட்ட."

அப்பா குனிந்து பார்த்தார். "சரி, அப்போ பெரிய மாப்பிள்ளைதான்" என்று பட்டன் குவியலை அத்தான் பக்கம் நகர்த்தத் தொடங்கிவிட்டார்.

"மாமா, ஒரு நிமிஷம்" என்றார் லேப் மாப்பிள்ளை. "நாலு சீட்டு ஆட்டத்துல கையிலேருந்து ரெண்டு சீட்டு கட்டாயம் எடுக்கணும். நடுவுலேருந்து மூணுதான். அண்ணாகிட்ட ஆர்ட்டின் ஒண்ணுதான் இருக்கு." சொல்லிவிட்டுத் தன் கையைக் காட்டினார். ஆர்ட்டின் ஆறு, ஆர்ட்டின் மூன்று. இரண்டு சீட்டு ஆட்டத்தில் ஜெயித்துக் கொடுக்கும் அந்த ஒற்றை ஆஸ், இங்கே இந்தப் பொடிச் சீட்டுகளிடம் தோற்றது.

அத்தானுக்கு விதி தெரியாமல் இல்லை. வருஷக்கணக்காகப் பழகிய கண், ஆஸைப் பார்த்ததும் மற்றதை மறந்துவிட்டது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். அக்கா கூப்பிட்டும் திரும்பவில்லை.

ஆபரேஷன் அன்று அவரும் வந்தார். கையில் டூல் பை. "இந்தப் பக்கம் ஒரு வேலை" என்றார். பச்சைப் பொய். காலையிலிருந்து ஆஸ்பத்திரி லிஃப்டில் மேலும் கீழும் போய், அப்பாவை ஏற்றப்போகும் பெட்டி சரியாக ஓடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். லிஃப்ட்காரர் வந்து என்னிடம் புகார் செய்தார்.

அப்பாவைச் சக்கர நாற்காலியில் வைத்து வெளியே கொண்டுவந்தபோது லேப் மாப்பிள்ளை கீழே மருந்து வாங்கப் போயிருந்தார். அப்பாவின் ஒரு கண்ணில் கட்டு. இன்னொரு கண்ணில் கண்ணாடி இல்லாமல் ஆள் நிழல்தான் தெரியும். அவர் கை காற்றில் துழாவியது. அத்தான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார். நான் செருப்போடு பின்னால் நின்றேன்.

அப்பா அந்தக் கையைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். "சின்ன மாப்பிள்ளையா? அன்னைக்கு நீங்க வாயைத் திறந்திருக்க வேண்டாம். அவர்கிட்ட ஒரு ஆர்ட்டின்தான்னு எனக்கும் தெரிஞ்சுது. விட்டுடலாம்னுதான் இருந்தேன். அவர் வந்தா எனக்குத் தைரியமா இருந்திருக்கும்."

அத்தான் வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். "ம்" என்றார். கையை மட்டும் விடவில்லை.

சைக்கிள் ஸ்டாண்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது, ஆனால் சந்தோஷத்தில் இல்லை. "பாத்தியா மச்சான்? என்னைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை. அதையும் அவன்கிட்டதான் சொல்லணுமா?"

சாயங்காலம் வீட்டில் அப்பாவிடம் கேட்டேன். "பக்கத்துல நின்னது யாருன்னு உங்களுக்குத் தெரியலையாப்பா?"

"தெரியாம என்னடா? உள்ளங்கை பூரா காய்ப்பு. ஊசி பிடிக்கிறவர் கையா அது? நேரா சொன்னா அவர் கூச்சப்பட்டுப் போயிடுவார். அதான் அப்படிச் சொன்னேன்."

இதை அத்தானிடம் சொன்னால் அவருடைய வயிற்றெரிச்சல் அந்த நிமிஷமே அடங்கிவிடும். இன்றுவரை சொல்லவில்லை, சொல்கிற எண்ணமும் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் அப்பா என் பக்கமும் ஒரு தடவை கையை நீட்டினார். நான் அவசரமாக என் கையைக் கொடுத்தேன். "செருப்பைக் குடுடா" என்றார்.