எஸ் என்றால் சக்ஷன்

ஆவடி குவார்ட்டர்ஸில் கஜபதியைத் தெரியாதவர் கிடையாது. வார நாளெல்லாம் தொழிற்சாலையில் ராணுவ டாங்கி எஞ்சின் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமையானால் மண்ணூர்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகையில் கார் வேலை. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்த வால்வு கோளாறு என்று சொல்லிவிடுவார். ஊர் அதைச் சொன்னதோ இல்லையோ, அவரே நாலு பேரிடம் சொல்லிக்கொள்வார். அவ்வளவு வாய் பேசுகிற மனுஷன், பேச வேண்டிய ஒரே ஒரு நாளில் வாயைத் திறக்கவில்லை.

கொட்டகையில் அவரோடு வேலை செய்தவன் கிறிஸ்துராஜ். கோவில்பதாகைக்காரன். முப்பது வயது, கல்யாணமாகி இரண்டு வருடம். எதையும் இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் தொடுவான். கஜபதி அவனை எல்லார் முன்னாலும் கிண்டல் செய்வார். ஆனால் அவன் இல்லாமல் ஒரு எஞ்சினைப் பிரிக்கமாட்டார்.

எண்பத்தாறாம் வருடம் பொங்கல் கழிந்த கையோடு, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்பிரிங் கம்பெனி வைத்திருந்த நாகேந்திரன் ஒரு காரைக் கொண்டுவந்து விட்டார். இரண்டே பேர் உட்காரும் பழைய இத்தாலி ரேஸ் கார். அடுத்த மாதம் சோழவரம் பந்தயத்தில் அதை ஓட்டிவிட வேண்டும் என்று அவருக்கு வெறி. அந்த எஞ்சினில் மேலே இரண்டு கேம் ஷாஃப்ட். ஒன்று பெட்ரோலும் காற்றும் உள்ளே வரும் வால்வுகளைத் திறக்கும். மற்றது புகை வெளியே போகும் வால்வுகளைத் திறக்கும். பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். இடம் மாற்றிப் போட்டால் வால்வோடு வால்வு முட்டி எல்லாம் வளைந்துவிடும். அதனால் கழற்றும்போதே கிறிஸ்துராஜ், உள்ளே இழுக்கும் பக்கத்து ஷாஃப்டில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி வைத்தான்.

மாட்ட வேண்டிய ஞாயிறு, அவன் சர்ச்சுக்குப் போயிருந்தான். கஜபதி தனியாக உட்கார்ந்து ஷாஃப்டுகளைத் துடைத்தார். நூல் இல்லாத ஷாஃப்டின் நுனியில் 'எஸ்' என்று பொடியாக அடித்திருந்தது. நம்மூர்ப் பட்டறைகளில் உள்ளே இழுக்கும் வால்வுக்கு சக்ஷன் என்றுதான் பேர். எஸ் என்றால் சக்ஷன், இதிலென்ன சந்தேகம்? பயல் நூலை மாற்றிக் கட்டிவிட்டான் என்று சிரித்துக்கொண்டார். சொன்னால் சங்கடப்படுவான் என்று நூலை அவிழ்த்து எஸ் ஷாஃப்டில் கட்டினார். தன் பெருந்தன்மையை நினைத்து அவருக்கே உச்சி குளிர்ந்துபோயிற்று. அட, என்ன பெருந்தன்மை!

கிறிஸ்துராஜ் வந்தான், நூலைப் பார்த்தான், தன் கையாலேயே மாட்டினான். புள்ளியோடு புள்ளி சேர்த்து செயினைப் போட்டு டைமிங் வைத்தார்கள். நாகேந்திரனும் வந்துவிட்டார். கிறிஸ்துராஜ் எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்தான்.

"அண்ணாத்தே, எங்கியோ முட்டுறா மாரி கீது."

"புச்சா பேக்கிங் போட்டா டைட்டாத்தாண்டா இருக்கும். தள்ளு."

கஜபதி ஸ்டார்ட்டரை அமுக்கினார். கரகரவென்று ஒரு சத்தம். அப்புறம் எஞ்சின் அசையவேயில்லை.

மேல்மூடியைத் திறந்ததும் நாகேந்திரன் குனிந்து பார்த்தார். "எஸ் போட்டது எக்ஸாஸ்ட் ஷாஃப்ட் ஆச்சே! இத்தாலி பாஷையில 'ஸ்காரிகோ'ன்னா வெளிய தள்றது. இதைப் போய் இந்தப் பக்கம் மாட்டி வெச்சிருக்கீங்களே! இந்த நூலை யாருய்யா கட்டினது?"

கஜபதி ஒரு துணியை எடுத்துக் கையைத் துடைக்க ஆரம்பித்தார்.

"நான்தான் சார்," என்றான் கிறிஸ்துராஜ்.

கஜபதி கையிலிருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தை வரவில்லை. நாகேந்திரன் கண்டபடி திட்டினார். கிறிஸ்துராஜ் தலைகுனிந்து நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான்.

அதன்பிறகு எஸ்டேட்டில் எந்தப் பட்டறையும் அவனுக்கு எஞ்சின் வேலை கொடுக்கவில்லை. ஐயப்பன்தாங்கலில் பஸ் கழுவப் போனான். கஜபதி கொட்டகைப் பக்கம் போவதை விட்டார். தொழிற்சாலையில் யாராவது சக்ஷன் என்று சொன்னால் போதும், முகம் சுட்டது. நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றே பதினாலு மாதம் ஓட்டினார். என்ன மனுஷன்!

ஒருநாள் ஆவடி மார்க்கெட்டில் கிறிஸ்துராஜின் மனைவி ஞானகுமாரி எதிரில் வந்தாள். மரியாதையாகப் பேசினாள். "ஊட்ல மிக்ஸி ரிப்பேர்னாகூட தொடமாட்டேன்றாருண்ணா. 'என் கையே எனக்கு நம்பிக்கையில்ல ஞானம்'ன்றாரு. நானும் கோவத்துல அன்னிக்கு அவரை ரொம்பப் பேசிட்டேன்." கஜபதிக்குக் காய்கறிப் பை கனத்தது. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தார்.

மறுநாள் ஞாயிறு. சர்ச்சில் பூசை முடிகிற நேரம் பார்த்துக் கோவில்பதாகைக்குப் போனார். கிறிஸ்துராஜ் நாற்காலி போட்டான். கஜபதி உட்காரவில்லை. தரையைப் பார்த்தபடியே, எஸ் எழுத்து, அவிழ்த்த நூல், மாற்றிக் கட்டியது, எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

கிறிஸ்துராஜ் நாற்காலியை ஓரமாகத் தள்ளினான்.

"நீ மாத்தினதாலதான்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே. மூடியைத் தொறந்தப்பவே."

"நான்தான் சார்னு சொன்னேனே, அப்பவா?"

"அப்பதான்."

அவன் திட்டுவான், சட்டையைப் பிடிப்பான் என்று கஜபதி காத்திருந்தார். பிடித்தால் நன்றாயிருக்கும் என்றுகூட இருந்தது. கிறிஸ்துராஜ் உள்ளே திரும்பி, "ஞானம், இங்க வா," என்று கூப்பிட்டான்.

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "வாங்கண்ணா, காபி போடட்டா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் கஜபதி கதவுப் பக்கம் திரும்பினார்.

"போவாதே அண்ணாத்தே. இவகிட்டயும் சொல்லு," என்றான் கிறிஸ்துராஜ். "நான் சொன்னா நம்பமாட்டா."