சீன நீயும் தமிழ் நீயும்

சீனப் பெருஞ்சுவரின் மேல் அன்ரியும் அங்கிளும் நிற்கும் படம் ஒன்று, வோபர்னில் அவர்கள் வீட்டு வரவேற்பறையில் தொலைக்காட்சிக்கு மேலே மாட்டியிருந்தது. மழை வரப்போகிற மாதிரி மூடிக் கிடக்கும் வானம். அன்ரியின் பாதி முகத்தை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி. வீட்டுக்கு வருகிறவர்கள், "சீனாவுக்குப் போய் அன்ரிக்கு ஸ்டைல் வந்திட்டுது" என்று பகிடி பண்ணுவார்கள். அன்ரியும் சேர்ந்து சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. தொண்ணூறுகளில் அந்த வீட்டின் பேஸ்மென்டில் தம்பியோடு வாடகைக்கு இருந்தவள் நான். மேலே ஓர் உடம்பு சுவரில் மோதி விழுந்தால் கீழே எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியும்.

அங்கிள் ஊரில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். இங்கே மிசிசாகாப் பக்கம், விமான நிலையத்தில் பெட்டி ஏற்றினார். அந்த வயிற்றெரிச்சலை வேலையிடத்தில் காட்டுகிற அளவுக்கு அவர் மடையர் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினார். மரியாதை என்றால் அவருக்கு உயிர். எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் 'நீ' என்பது சின்னவர்களுக்கு, 'நீர்' என்பது சமமானவர்களுக்கு, 'நீங்கள்' பெரியவர்களுக்கு. அன்ரி அவரை 'நீங்கள்' என்பார். அவர் ஆட்களுக்கு முன்னால் அன்ரியை 'நீர்' என்பார். கதவைச் சாத்தினால் 'எடியே'தான்.

அந்தச் சீனப் பயணம், வேலையிடத்துச் சீனர் ஒருவர் ஒழுங்கு பண்ணிக் கொடுத்த சுற்றுலா. போன முதல் நாளே வந்தது வில்லங்கம். சீன மொழியிலும் முன்னால் நிற்பவரை 'நீ' என்றுதான் சொல்லுவார்களாம்! ஹோட்டல் வாசலில் பெட்டி வாங்க வந்த பையன் பல்லெல்லாம் தெரியச் சிரித்து "நீ ஹாவ்" என்று வணக்கம் சொல்ல, அங்கிள் அவனுடைய கொலரைப் பிடித்துவிட்டார். "ஆரைப் பாத்தடா நீ எண்டுறாய்? உன்ர அப்பன்ர வயசடா எனக்கு!" வழிகாட்டிப் பெண் ஓடிவந்து விலக்கி, விளக்கமும் சொன்னாள். மரியாதைக்கு 'நின்' என்று வேறொரு சொல் இருக்கிறது என்று அவள் வாய்தவறிச் சொன்னதுதான் பிழை. அதற்குப் பிறகு அங்கிள் பழக்கடையிலும் பஸ்ஸிலும் கோயிலிலும் சந்தித்தவர்களுக்கெல்லாம் விரலை நீட்டி "நின்! நின்!" என்று சீனம் படிப்பித்துக்கொண்டு திரிந்தாராம். சீனருக்கே சீனம்!

ஒரு சந்தையில் தேத்தண்ணி விற்ற வயதான பெண் மட்டும் படிய மறுத்துவிட்டாள். 'நீ, நீ' என்றபடியே கிண்ணத்தை நீட்டியிருக்கிறாள். அங்கிள் சுடுதண்ணீரோடு கிண்ணத்தைத் தட்டிவிட, அது அவளுடைய காலடியில் நொறுங்கியது. விருந்துகளில் கதை சொல்லும்போது இந்த இடத்தில் அங்கிள் எழுந்து நடித்தே காட்டுவார். "கிழவி பயந்து எடுத்தாள் ஓட்டம்!" என்று முடிப்பார். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

மிச்சத்தை அன்ரி எனக்கு பேஸ்மென்டில் உடுப்பு மடிக்கும்போது சொன்னார். "அவ ஓடேல்லைப் பிள்ளை. கூட்டுற தும்புத்தடியை எடுத்து இவருக்கு முதுகிலை ரெண்டு போட்டவ. எங்கட பஸ்ஸே சிரிச்சது. நானும் சிரிச்சிட்டன்." ஹோட்டல் அறைக்குப் போனதும் அந்த இரண்டு அடியும் அன்ரிக்கு வட்டியோடு திரும்பி வந்தன. பெட்டிப் பூட்டால் முகத்தில் குத்தினாராம். மறுநாள்தான் பெருஞ்சுவர். கறுப்புக் கண்ணாடியை வழிகாட்டிப் பெண் தன்னுடைய பையிலிருந்து எடுத்து, ஒன்றும் கேட்காமல் போட்டுவிட்டாளாம். அந்த மனிதரை எனக்கு அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. இதை எழுதும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பிறகு ஒரு ஞாயிறு மத்தியானம், யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாள். வீடு நிறைய ஆட்கள், நானும் மேலே வந்திருந்தேன். "அங்கிள், அந்தச் சீனாக் கதையை ஒருக்காச் சொல்லுங்கோவன்" என்று கேட்டார்கள். சொன்னார், நடித்தார், கிழவியை ஓடவும் விட்டார். றோல்ஸ் தட்டோடு குசினியிலிருந்து வந்த அன்ரி, என்ன நினைத்தாரோ, "அவ எங்கை ஓடினவ? தும்புத்தடியாலை உங்களுக்கு எல்லோ விட்டவ!" என்றார். கூரை பறக்கிற மாதிரிச் சிரிப்பு.

அங்கிள் சிரித்துக்கொண்டேதான் எழும்பினார். அடித்தது புறங்கையால். தட்டு பறந்து கண்ணாடி மேசையில் விழுந்து உடைந்தது. அன்ரி அதன் மேல் விழுந்து எழும்பியபோது உதடு கிழிந்து, உள்ளங்கையிலிருந்து ரத்தம் முழங்கை வரை ஓடியது. அங்கிள் திரும்பக் கை ஓங்கினார். அன்ரி நகரவில்லை.

"நீ இனி என்னிலை கை வைச்சுப் பார்."

அங்கிளை மூன்று பேர் பிடிக்க வேண்டியிருந்தது. "என்னை நீ எண்டிட்டாள்! கேட்டனீங்களோ? என்னை நீ எண்டிட்டாள்!" என்று துள்ளினார். சொன்னால் நம்பமாட்டீர்கள், அங்கே இருந்த பெரியவர்களும் அன்ரியின் ரத்தத்தைப் பார்க்கவில்லை, அவருடைய வாயைத்தான் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர், அங்கிளின் தமையன், நல்ல மனிதர், சமாதானம் பண்ண ஒரு வழி கண்டுபிடித்தார். "சீச்சீ, அவ சீனப் பாஷையிலை எல்லோ பகிடிக்குச் சொல்லுறா. என்ன பிள்ளை, சீனம்தானே?"

எல்லோருடைய முகத்திலும் ஒரு நிம்மதி பரவியது. அன்ரி ஓம் என்று தலையாட்டியிருந்தால் போதும். சிரித்திருப்பார்கள், கண்ணாடியைக் கூட்டி அள்ளியிருப்பார்கள், கேக் வெட்டியிருப்பார்கள். இரவு கதவு சாத்தப்பட்டிருக்கும். இனி வரப்போகும் வருடங்கள் முழுவதும் சாத்தப்பட்டுக்கொண்டே இருந்திருக்கும். நான் அன்ரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்ரி சேலைத் தலைப்பால் உதட்டைத் துடைத்தார்.

"இல்லை அண்ணை, தமிழிலைதான் சொன்னனான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, பொலிசுக்குப் போனைப் போடும்."