பெஞ்சில் ஓர் ஆள் இடம்

தனியார் பள்ளி வேலையை விட்ட நாங்கள் நான்கு ஆசிரியைகள் சேர்ந்து, செஞ்சியில் மூடிக்கிடந்த நெல் மண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பெரியவர்களுக்கான படிப்பகம் தொடங்கினோம். நால்வருமே உரிமையாளர்கள். எதையும் கூடிப் பேசித்தான் முடிவு செய்வோம்.

சிங்கவரத்திலிருந்து வரும் ஓர் அம்மா எப்போதும் பெஞ்சின் ஓரத்தில் ஒட்டி உட்காருவார். பக்கத்தில் ஓர் ஆள் இடம் காலியாகவே இருக்கும். ஒருநாள் ஏன் என்று கேட்டேன்.

“என் தங்கச்சி, டீச்சர். படிக்கணும்னு ரொம்ப ஆசை. செத்துப்போச்சு. இப்போ இங்க வந்து உக்காந்துனு இருக்குது” என்றார், சாதாரணமாக.

துக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகொரு நாள் காய்ச்சல் என்று அவர் வரவில்லை. வல்லத்திலிருந்து புதிதாகச் சேர்ந்த கொத்தனார், அந்த அம்மா சொன்னது எதுவும் தெரியாதவர், அந்த இடத்தில் உட்காரப் போனார். பாதி குனிந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். காலிப் பெஞ்சைப் பார்த்து, “மன்னிச்சுக்கம்மா” என்றார். என் பக்கம் திரும்பி, “இன்னா டீச்சர், ஆள் இருக்குதுன்னு சொல்லக்கூடாதா?” என்றார்.

வகுப்பு முடிந்ததும் நாங்கள் கூடினோம். பெஞ்சையே எடுத்துவிடலாமா என்று ஒருத்தி கேட்டாள். இருக்கட்டும் என்றே முடிவானது.

இப்போதெல்லாம் கரும்பலகையில் எழுதும்போது, அந்த இடத்துக்கு மறைக்காமல் சற்று ஒதுங்கி நிற்கிறேன்.