இன்னும் அவுட் ஆகலை

எழுபதுகளில் ஒருநாள், கொல்லங்கோட்டில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம் முடிந்து நானும் என் கணவரும் பாலக்காட்டுக் கல்பாத்திக்குத் திரும்ப பஸ் ஏறினோம். அவருக்கு இதய நோய். அமெரிக்காவில் டாக்டராக இருந்த அவர் தம்பி, அங்கே வரவழைத்துக் கழுத்து நரம்பில் கம்பி பொருத்த வைத்திருந்தார். நெஞ்சு வலித்தால் சட்டைப்பையில் இருக்கும் பெட்டியை முடுக்க வேண்டும். மின்சாரம் அந்த நரம்பைத் தூண்டி வலியைத் தணிக்கும்.

“இதைப் பத்தி ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடப்படாது” என்று என் கணவர் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். பிறர் பரிதாபப்பட்டால் அவருக்குப் பொறுக்காது.

பாதி வழியில் அவர் கை பெட்டிக்குப் போனது. பொத்தானை அமுக்கிக் கண்ணை மூடிக்கொண்டார். நெற்றியெல்லாம் வியர்வை. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி நான் கத்த வாயெடுப்பதற்குள், பின்சீட்டிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

“ஏனுங்க, டிரான்சிஸ்டருங்களா? மேட்ச் என்னாச்சுங்க? யாராச்சும் அவுட்டுங்களா?”

என் கணவர் கண்ணைத் திறக்காமல் என் கையை இறுக்கினார். சொல்லாதே என்று அர்த்தம்.

“இன்னும் அவுட் ஆகலை” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

அந்த மனிதர் பதறிப்போனார். “அட, இதுக்குப் போய் அழுவாங்களா அம்மிணி? நின்னு ஆடிருவாங்க, பாருங்க.”

ஊர் வருவதற்குள் வலி தணிந்தது. அதற்கப்புறமும் அவர் எத்தனையோ தடவை அந்தப் பெட்டியை முடுக்கினார். ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் உட்கார்ந்து நான் ஜபம் மாதிரி சொல்லிக்கொண்டது ஒன்றுதான்: நின்னு ஆடிடுவார்.