கேஸ் வேறு, மரியாதை வேறு

போன வெள்ளிக்கிழமை எங்கள் கம்பவுண்டர் ஆரோக்கியசாமியின் கேஸ் முடிந்தது.

முடிந்தது என்றால்… ஒரு வெற்றிலை மடித்துப் போடுகிற நேரம்கூட ஆகவில்லை. பிராது கொடுத்தவரின் வக்கீல் எழுந்து இங்கிலீஷில் ஏதோ சொன்னார். எனக்கு அந்தப் பாஷை வராது. "பெரிய மனசு பண்ணி கேஸை வாபஸ் வாங்கிக்கிறாராம்" என்று பக்கத்தில் நின்றவர் காதோடு சொன்னார். மாஜிஸ்திரேட் தலையை ஆட்டினார். அடுத்த கேஸைக் கூப்பிட்டு விட்டார்கள்.

ஆரோக்கியசாமி மட்டும் கூண்டை விட்டு இறங்கவில்லை.

"அப்போ நான் சொன்னது நிஜமா பொய்யா? அதை யாருங்க சொல்றது?" என்று கேட்டார்.

மாஜிஸ்திரேட்டுக்கு அதை இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார்கள். அவர் லேசாகச் சிரித்தார். "கேஸே இல்லை, நீ வீட்டுக்குப் போகலாம்" என்று பதில் வந்தது. டவாலி சேவகன் இவருடைய தோளைத் தொட்டு இறக்கி விட்டான்.

விடுதலையான மனிதனுடைய முகம் அப்படி வாடி நான் பார்த்ததில்லை.

ஆரோக்கியசாமியைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரேசர் டவுனில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர். வீடு ஜோகுபாளையத்தில், எங்கள் தெருவிலேயே. மிக்ஸ்சர் பாட்டிலைக் கையில் கொடுக்கும்போது "குலுக்கிக் குடிங்க" என்று சொல்லுவாரே, அவர்தான். தெருவில் யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் கூப்பிட்ட குரலுக்கு வருவார். இந்தத் தடவை முனிசிபல் எலெக்‌ஷனில் எங்கள் டிவிஷனுக்கு அவரை நிற்கச் சொன்னதே தெருக்காரர்கள்தான்.

எதிரே நின்றவர் ஒரு சின்ன வயசு வக்கீல். நல்ல பிள்ளை. அவரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எலெக்‌ஷனில் நிற்கிறவர் வேறு, நிறுத்துகிறவர் வேறு அல்லவா? அவரை நிறுத்தியவர் ஒரு கான்ட்ராக்டர். நோட்டீஸ் அச்சடிக்கவும், கொட்டகை போடவும், ஓட்டுப் போடுகிறவர்களை ஜட்காவில் ஏற்றிவரவும், வந்தவர்களுக்கு உப்புமா காபி கொடுக்கவும் பணம் அவருடையது. கன்டோன்மென்ட் என்கிற எங்கள் தண்டுப் பக்கத்தில் குப்பை வாரும் கான்ட்ராக்டும் அவருடையதுதான்.

பெயரைப் போடவில்லை. போடக் கூடாது என்று பத்திரிகை ஆசிரியர் சொல்லிவிட்டார். அதற்கு அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

டிசம்பரில் ஒரு சாயங்காலம் தெரு முனையில் பெஞ்சு போட்டுக் கூட்டம் நடந்தது. ஆரோக்கியசாமி பேசினார். பேச்சு என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

"அவரு பங்களா ரோட்டுக்குக் குப்பை வண்டி காலையில வருது, சாயந்தரமும் வருது. நம்ம தெருவுக்கு எப்போ வருது? தேர்த் திருநாளுக்கு வருது! ரெண்டு தெருவுக்கும் சேத்துத்தானே கான்ட்ராக்டு? சரி, கேக்கலாம்னா யாரைக் கேக்கிறது? கேக்கவேண்டிய மெம்பரையே அவரு காசு போட்டு அனுப்பினா, அந்த மெம்பர் அவரை எப்படிக் கேப்பாரு?"

கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அந்த வாரமே கான்ட்ராக்டரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. முனிசிபாலிட்டியையே விலைக்கு வாங்குகிறவர் என்று என் கட்சிக்காரரைச் சொல்லி மானநஷ்டம் உண்டாக்கினீர், பத்திரிகையில் மன்னிப்புப் போடவேண்டும், இல்லாவிட்டால் கோர்ட்டு. இவர் மன்னிப்புப் போடவில்லை. கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது.

அதுவரை பக்கத்தில் நின்றவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். கூட்டத்தில் அத்தனை பேர் இருந்தார்களே, சாட்சி சொல்ல யார் வருவீர்கள் என்று கேட்டால், ஒருவருக்கு அன்றைக்குத் தலைவலி. இன்னொருவர் கடைசியில் நின்றாராம், ஒன்றும் காதில் விழவில்லையாம். கை மட்டும் எப்படித் தட்டினாரோ!

இவருக்குப் பயம் இல்லை. "சாட்சி எதுக்கு முதலியாரே? மாஜிஸ்திரேட் ஒரு நடை வந்து நம்ம தெருவைப் பார்த்தா போதும். மூக்கே சாட்சி சொல்லும்" என்றார் என்னிடம்.

இப்படி இருக்கும்போது புது வருஷம் பிறந்தது.

புது வருஷம் என்றால் தண்டில் என்ன செய்வோம் என்று உங்களுக்குத் தெரியும். கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு பெரியவர்களைப் பார்க்கப் போவோம். துரை பங்களா, டாக்டர் வீடு, பாதர் வீடு, வீட்டுச் சொந்தக்காரர் வீடு… பழத்தைக் கொடுத்து, குனிந்து ஒரு சலாம் போட்டுவிட்டு வந்தால் அந்த வருஷம் ஒழுங்காகத் தொடங்கியது என்று அர்த்தம். யார் இதை ஆரம்பித்தார்களோ தெரியாது. எலுமிச்சை விலை அன்றைக்கு மட்டும் ஏறும்.

எங்கள் தெருக்காரர்கள் போகிற இடங்களில் ஏரிக்கரைப் பக்கம் இருக்கும் கான்ட்ராக்டர் பங்களாவும் ஒன்று. வருஷா வருஷம் ஆரோக்கியசாமியும் போவார், நானும் போவேன். தனியாகப் போக எனக்குக் கூச்சம்; அவர் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போய்விட்டு வந்துவிடுவேன்.

"இந்த வருஷமும் போகணுமா?" என்று கேட்டேன்.

அவர் மனைவி ஞானம்மா உள்ளேயிருந்து பதில் சொன்னாள். "போகாம? நல்ல நாளும் அதுவுமா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா, வெஷம் நம்ம மனசுலன்னு ஆயிடாதா? கோர்ட்டுல அவரு சண்டை போடட்டும். வாசப்படி ஏற நமக்கு என்ன பயம்?"

ஆரோக்கியசாமி கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்: "கேஸ் வேறே, மரியாதை வேறே முதலியாரே."

போனோம். வராந்தாவில் பெரிய நாற்காலி. அதில் கான்ட்ராக்டர் பெரியவர். பக்கத்தில் ஒரு கூடை, பாதிக்கு மேல் எலுமிச்சம்பழம். வழக்கம் போலப் படம் எடுக்க ஒரு போட்டோக்காரரும் முக்காலியை நிறுத்திக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு இருந்தார்.

பெரியவர் பழத்தை வாங்கி முகர்ந்து பார்த்தார். "என்ன கம்பவுண்டர், சௌக்கியமா?"

"இருக்கேனுங்க."

"நமக்குள்ள கேஸும் கீஸும் எதுக்கப்பா?"

"அது கோர்ட்டுல பேசிக்கலாமுங்க. இன்னிக்கு நல்ல நாள். நீங்க நல்லா இருக்கணும்" என்று சொல்லி ஆரோக்கியசாமி குனிந்து கும்பிட்டார்.

போட்டோக்காரர் காமிரா மூடியைத் திறந்து மூடினார்.

இவ்வளவுதான் நடந்தது. நான் பக்கத்தில் நின்றேன். மன்னிப்பு என்ற வார்த்தை அந்த வராந்தாவில் யார் வாயிலிருந்தும் வரவில்லை.

ஆனால் அந்த வாரமே எதிர்க்கட்சிக் கொட்டகை வாசலில் அந்தப் போட்டோ, சட்டம் போட்டு, மாலை போட்டுத் தொங்கியது. நாற்காலியில் பெரியவர். எதிரில் முதுகு வளைந்து, கை கூப்பி ஆரோக்கியசாமி. கீழே ஒரே வரி: 'மன்னிப்புக் கேட்டவருக்கா உங்கள் ஓட்டு?'

படத்துக்கு வாய் கிடையாது பாருங்கள். யார் என்ன சொன்னாலும் ஏற்றுக்கொள்கிறது!

கோர்ட்டிலும் அதே கதை. பிரதிவாதி வீடு தேடி வந்துவிட்டார், ராஜி பேசிக்கொண்டு இருக்கிறோம் என்று வாய்தா வாங்கினார்கள். எதுவரைக்கும்? எலெக்‌ஷன் முடிகிற வரைக்கும்! "நான் ராஜி பேசலை, இன்னிக்கே விசாரிங்க" என்று இவர் கத்தினார். ஒன்றும் நடக்கவில்லை.

எங்கள் தெருவில் ஜட்கா ஓட்டுகிற கரீம் பாய் என்னைக் கடை வாசலில் பிடித்துக்கொண்டார். பிளாக்பள்ளியில் நூலும் பொத்தானும் விற்கிற சின்னக் கடை என்னுடையது. நாலு பேர் கூடிவிட்டார்கள்.

"நீங்க கூடவே இருந்தீங்களே சாமி. சொல்லுங்க. மன்னிப்புக் கேட்டாரா, இல்லையா?"

நாலு பேர் என் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எப்படியோ சொல்லிவிட்டேன். "கேக்கலை பாய்."

"அப்புறம் பழம் எதுக்குக் குடுத்தாரு?"

"வருஷா வருஷம் குடுக்கிறதுதானே…"

"கேஸ் போட்டவருக்கா?"

உண்மைதான் சொன்னேன். சொல்லும்போதே அது பொய் போல என் காதிலேயே விழுந்தது. நாலு பேரில் ஒருவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

கரீம் பாய் நல்லவர். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நான் நம்பறேன் சாமி. என் குதிரைதான் நம்பாது. எலெக்‌ஷன் அன்னிக்கு அதுக்குக் கொள்ளு அவரு வீட்டுலேருந்து வருது."

எலெக்‌ஷனில் என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை. தோற்றதுகூட ஆரோக்கியசாமிக்குப் பெரிதாகத் தெரியவில்லை. "கேஸ் இருக்குல்ல முதலியாரே? அங்கே நிஜம் வெளியே வரும்" என்று அதையே பிடித்துக்கொண்டிருந்தார். வாய்தாவுக்கு வாய்தா வேலைக்கு லீவு போட்டார். டாக்டர் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார். ஞானம்மாவின் தையல் மிஷின் இருந்த இடத்தில் இப்போது ஒரு பெட்டி இருக்கிறது.

அந்தக் கேஸைத்தான் போன வெள்ளிக்கிழமை, எலெக்‌ஷன் முடிந்த பிறகு, பெரிய மனசு பண்ணி வாபஸ் வாங்கினார்கள்.

நான் நாலாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன். சட்டம் தெரியாது. ஆனால் இந்த வயசில் ஒன்று புரிந்துகொண்டேன். ஏழை கோர்ட்டுக்குப் போவது தீர்ப்புக்காக. பணக்காரன் போவது வாய்தாவுக்காக. ஜெயிக்க வேண்டும் என்றுகூட அவனுக்கு இல்லை. எதிராளியின் வாய் மூடுகிற வரைக்கும் கேஸ் உயிரோடு இருந்தால் போதும். ஒருவர் வாயை மூடினால் பார்த்துக்கொண்டிருக்கிற பத்து வாய் தானாகவே மூடிக்கொள்கிறது. எங்கள் பக்கத்தில் இனிமேல் யாராவது பெஞ்சு மேலே ஏறிக் குப்பையைப் பற்றிப் பேசுவார்கள் என்று நினைக்கிறீர்களா?

இன்னும் ஒன்று நடந்தது.

திங்கட்கிழமை காலையில் எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி வந்தது. ஆமாம், தேர் இல்லாத நாளில்! ஜெயித்த மெம்பரின் முதல் வேலை என்றார்கள். வாசலுக்கு வாசல் நின்று வாரிக்கொண்டு போனது. பெண்களெல்லாம் வெளியே வந்து பார்த்தார்கள். "பெரியவர் சொன்ன சொல் தவறாதவரு" என்று ஒருத்தி சொன்னாள்.

ஆரோக்கியசாமி வீட்டு வாசலில் மட்டும் வண்டி நிற்கவில்லை.

செவ்வாய்க்கிழமையும் நிற்கவில்லை. ஞானம்மா குப்பைக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருக்கோடி வரைக்கும் நடந்தாள். எல்லோரும் பார்த்தோம்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். ஆரோக்கியசாமி எழுந்து கதவைச் சாத்தினார். தெரு முனையில் பெஞ்சு மேலே நின்று அத்தனை சத்தமாகப் பேசிய மனிதர், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலை இறக்கிக் கேட்டார்:

"முதலியாரே, வண்டி நம்ம வாசல்ல நிக்கிறதில்லைன்னு வெளியில சொல்லலாமா? அதுக்கும் கேஸ் போடுவாங்களா?"

எனக்குத் தெரியவில்லை. அதனால் அவருக்குப் பதிலாக நான் இங்கே சொல்லிவிட்டேன்… இனி என் வீட்டு வாசலிலும் குப்பை குவிந்தால், காரணம் கேட்டு யாரும் சிரமப்பட வேண்டாம்.